தாராசுரத்தில் ஒரு பழைய வீடு: வாங்குவது வீட்டையா, மனையையா?

கேள்வி:

ஐயா, நான் கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியர். இத்தனை வருடமும் வாடகை வீடுதான். தாராசுரத்தில், ஐராவதேசுவரர் கோவிலுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. முகப்பில் 1938 என்று போட்டிருக்கிறது. 20 அடி அகலம், 110 அடி நீளம். இரண்டு பக்கமும் ஒட்டிய வீடுகள். திண்ணை, ரேழி (வாசலிலிருந்து உள்ளே போகும் நடை), முற்றம், கூடம், கொல்லையில் கிணறு. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ். பின்கட்டில் 1994-இல் கான்கிரீட் தளம் போட்டு, மேலே ஓர் அறையும் பாத்ரூமும் எடுத்திருக்கிறார்கள். கூடத்தின் ஒரு மூலையில் ஒழுகிய கறை இருக்கிறது. சுவரெல்லாம் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

விலை 58 லட்சம். பக்கத்தில் காலி மனை சதுர அடி 2,000 ரூபாய்க்குப் போகிறது. 1961-இல் இந்த வீட்டை வாங்கிய பெரியவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார், அவர் மனைவியும் இல்லை. மூத்த மகன் அங்கேயே குடியிருக்கிறார், இளையவர் சிங்கப்பூரில், மகள் திருச்சியில். மகளுக்குக் கல்யாணத்தின்போதே சீர் செய்து முடித்துவிட்டார்கள், கையெழுத்து தேவையில்லை என்கிறார் புரோக்கர். 'பிடிக்கலைன்னா இடிச்சுட்டுப் புதுசா கட்டிக்கோங்க சார், இடம் எங்கே போகுது' என்றும் சொல்கிறார். இன்னொரு பார்ட்டி தயாராக இருப்பதால் இந்த வாரமே 2 லட்சம் டோக்கன் கொடுக்கச் சொல்கிறார். என் கையில் 20 லட்சம் இருக்கிறது, மீதி வங்கிக் கடன். அம்மாவுக்கு 71 வயது, முட்டி வலி. மனைவிக்கு முற்றத்தைப் பார்த்ததிலிருந்து வேறு வீடு பிடிக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்:

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் டோக்கன் கொடுக்காதீர்கள். 'இன்னொரு பார்ட்டி' எல்லாப் பழைய வீட்டுக்கும் இருப்பார். உண்மையாகவே ஒருவர் இருந்து, எதையும் விசாரிக்காமல் வாங்கிக்கொண்டு போனால் போகட்டும். வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வீடு மோசமானதாகத் தெரியவில்லை. விற்கிற விதம்தான் சரியில்லை.

58 லட்சத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 20-க்கு 110 என்றால் 2,200 சதுர அடி. நீங்கள் சொல்லும் 2,000 ரூபாய்க் கணக்கில் மனை மட்டும் 44 லட்சம். மீதி 14 லட்சம் கட்டடத்துக்கு. மனைக்கு முழு விலை, அதற்கு மேல் வீட்டுக்கும் ஒரு விலை. இடித்துக் கட்டப் போகிறவருக்கு அந்தக் கட்டடம் 14 லட்சம் பெறாது. தேக்குக் கட்டையும் கதவும் நிலையும் விற்றது போக, இடிக்கிற கூலியும் மண் அள்ளுகிற கூலியும்தான் மிஞ்சும். குடியிருக்கப் போகிறவருக்கோ, அந்த 14 லட்சத்தோடு பழுது பார்க்கும் செலவும் சேரும். ஆகவே நீங்களும் மனைவியும் முதலில் முடிவு செய்ய வேண்டியது, வீட்டை வாங்குகிறீர்களா, மனையை வாங்குகிறீர்களா என்பதுதான். புரோக்கர் இரண்டையும் ஒரே மூச்சில் விற்கிறார். உங்கள் விஷயத்தில் அந்த முடிவைச் சட்டமே எடுத்து வைத்திருக்கலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை, அல்லது சொல்லவில்லை.

'கோவிலுக்குப் பின்னால் இரண்டாவது தெரு' என்று எழுதியிருக்கிறீர்கள். தாராசுரம் கோவில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2004-இலிருந்து தஞ்சைப் பெரிய கோவிலோடும் கங்கைகொண்ட சோழபுரத்தோடும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. இப்படிப்பட்ட சின்னங்களைச் சுற்றி என்ன கட்டலாம், கட்டக் கூடாது என்பதற்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு, அதை 2010-இல் திருத்திக் கடுமையாக்கினார்கள். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 100 மீட்டருக்குள் தனியார் புதிதாக வீடு கட்ட முடியாது. இடித்துவிட்டு அதே அளவில் திரும்பக் கட்டவும் முடியாது. இருக்கிற வீட்டைப் பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம், அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். அடுத்த 200 மீட்டரில் கட்டலாம், இடித்தும் கட்டலாம், ஆனால் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் தரப்படும் அனுமதி வேண்டும். உயரத்துக்கு வரம்பு போடுவார்கள். மீறிக் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தூரத்தைக் கோபுரத்திலிருந்து காலால் அளந்து 'நூறைத் தாண்டிடுச்சு சார்' என்று சொல்வார்கள். கணக்கு கோபுரத்திலிருந்து இல்லை, பாதுகாக்கப்பட்ட நிலத்தின் எல்லையிலிருந்து. எனவே வீட்டின் நகர நில அளவை எண்ணோடு தொல்லியல் துறையிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாய்வார்த்தை இங்கே செல்லாது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட பகுதியில் பழுது பார்க்க அனுமதி கேட்கக் கூடியவை, 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடங்களும், அதற்குப் பிறகு முறையான ஒப்புதலோடு கட்டியவையும்தான். உங்கள் 1938 முன்கட்டுக்கு இதில் பிரச்சினை இல்லை. 1994-இல் போட்ட பின்கட்டு? வீடு 100 மீட்டருக்குள் இருந்து, அந்தக் கான்கிரீட் பகுதிக்கு அனுமதி இல்லை என்றால், நீங்கள் காசு கொடுத்து வாங்குவது ஒரு விதிமீறலை. புது வீடு போலத் தெரிகிற பகுதிதான் சட்டத்தின் கண்ணில் பலவீனமான பகுதி. அந்த வருடத்துக் கட்டட அனுமதி வரைபடத்தைக் கேளுங்கள். 'அப்போ எல்லாம் யாரு சார் பிளான் வாங்கினா' என்று பதில் வந்தால், அந்தப் பகுதிக்கு விலை பேசாதீர்கள்.

அடுத்து கையெழுத்து. நான் கட்டடப் பொறியாளர், வங்கிகளுக்கு வீடு மதிப்பிட்டுக் கொடுக்கிறவன், வக்கீல் இல்லை. ஆனாலும் இது அடிக்கடி கண்ணில் படுகிற விஷயம். சீர் செய்தால் பங்கு போய்விடாது. பெரியவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, உயில் இல்லை என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன்களுக்கு எவ்வளவோ அவ்வளவே மகளுக்கும். இங்கே மூன்றில் ஒரு பங்கு. பூர்வீகச் சொத்து என்று வாதம் வந்தாலும், 2005 திருத்தமும் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் மகளைப் பிறப்பாலேயே பங்குதாரர் ஆக்கிவிட்டன. திருச்சியிலிருந்து அந்த அம்மா பதிவு அலுவலகத்துக்கு வந்து, விற்பவர்களில் ஒருவராகக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வரமாட்டார் என்றால் வீட்டை மறந்துவிடுங்கள். சிங்கப்பூர்க்காரர் வர முடியாவிட்டால் பவர் பத்திரம் அனுப்பலாம். அது அங்கே முறையாகச் சான்று பெற்று, இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியதாக இருக்க வேண்டும். அவர் பங்குக்கு வருமான வரிப் பிடித்தம் வேறு மாதிரி வரும், ஆடிட்டரைக் கேட்காமல் அவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். இந்தியாவில் இருக்கும் மற்ற இருவருக்கும், மொத்த விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 1 சதவீதம் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குகிற உங்களுடையது.

பத்திரத்தில் வக்கீலோடு சேர்ந்து நீங்களும் தேட வேண்டிய ஒன்று உண்டு. கும்பகோணம் வட்டாரத்தில் வீடு ஒருவருடையதாகவும் அடிமனை கோவிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருப்பது சகஜம். தலைமுறை தலைமுறையாக இருப்பார்கள், வீட்டு வரி அவர்கள் பெயரில் இருக்கும், மின் இணைப்பு அவர்கள் பெயரில் இருக்கும், நிலம் மட்டும் அவர்களுடையதாக இருக்காது. கோவில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்றால் அது 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. இணையத்தில் எடுக்கிற வில்லங்கச் சான்றை மட்டும் நம்பாதீர்கள், அவ்வளவு பழைய பதிவுகள் அதில் இல்லாமல் போகலாம். 1961 கிரயப் பத்திரத்தையும், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரத்தையும் கையில் வாங்கிப் படியுங்கள். 'அடிமனை வாடகை', 'மேல்கட்டு மட்டும்' போன்ற சொற்கள் எங்காவது இருக்கின்றனவா என்று பாருங்கள். நகர நில அளவைப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் என்ன என்பதையும் பாருங்கள். பழைய எழுத்தில் இருப்பதால் வக்கீல்கள் சிலர் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் ஆசிரியர், பொறுமையாகப் படிப்பீர்கள்.

சரி, காகிதம் போதும். வீட்டுக்குள் போவோம்.

1938 என்ற வருடத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். சுண்ணாம்பும் செங்கல்லும் தேக்கும் சேர்ந்த கட்டடம், தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டால் இன்னும் பல காலம் நிற்கும். 1994 கான்கிரீட்தான் இப்போது கம்பி துருப்பிடிக்கும் வயதில் இருக்கிறது. பழைய வீட்டைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, போக வழியில்லாத தண்ணீர். மற்றது, நல்லது செய்வதாக நினைத்துப் பின்னால் பூசிய சிமெண்ட்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். வாசலில் நின்று தெருவைப் பாருங்கள். திண்ணைக்கு ஏற எத்தனை படி இருக்கிறது? இப்படிப்பட்ட வீடுகளைத் தெருவிலிருந்து இரண்டு மூன்று படி உயர்த்தித்தான் கட்டுவார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டும் சிமெண்ட் ரோடு போட்டும் தெரு ஏறிவிட்டது. பல தெருக்களில் கீழ்ப்படிகள் ரோட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. எதிர் வீட்டுப் பெரியவர் யாரையாவது, 'முன்னாடி எத்தனை படி இருந்துச்சு' என்று கேளுங்கள். விற்பவரும் புரோக்கரும் சொல்லாததை அவர் சொல்வார். 'ஐப்பசி மழையிலே ரேழி வரைக்கும் வந்துடும்' என்று சொன்னாலும் சொல்லலாம்.

அப்புறம் உங்கள் மனைவிக்குப் பிடித்த முற்றம். நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் அதில்தான் விழும். அந்தத் தண்ணீர் வெளியே போக, ரேழிக்கு அடியில் தெருச் சாக்கடை வரை ஒரு மூடிய வாய்க்கால் இருக்கும். தெரு ஏறினால் சாக்கடையும் ஏறும், வாய்க்காலின் வாய் தாழ்ந்துவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகாது, தெருத் தண்ணீர் உள்ளே வரும். கோடையில் போய்ப் பார்க்கிற யாருக்கும் இது தெரியாது. ஆகவே ஒரு பெரிய டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து முற்றத்தில் ஒரேயடியாகக் கவிழ்க்கச் சொல்லுங்கள். இன்னொருவர் தெருவில் நிற்கட்டும். தண்ணீர் சாக்கடைக்கு வந்து சேர்கிறதா, எவ்வளவு நேரத்தில், எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். வரவில்லை என்றால் அது எங்கே போகிறது என்று கேளுங்கள். வாய்க்கால் உடைந்து அஸ்திவாரத்துக்குள் இறங்கினால் அதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. டிரம் கவிழ்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அதுவே பதில்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. முற்றத்து ஓரத்தில் ஒரு தொட்டி கட்டி மோட்டார் வைத்துத் தெருவுக்குத் தள்ளலாம். ஒரு பகுதியை வடிகட்டிக் கிணற்றில் விடலாம். கிணற்றை மட்டும் நம்பக் கூடாது, கார்த்திகை மழையில் டெல்டாவில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும்போது அதில் இறங்க இடம் இருக்காது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். இரண்டு பக்கமும் ஒட்டிய, மரக்கட்டை மேல் தளம் நிற்கிற வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

இனி மேலே பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, கடைசியாகத் தட்டோடு பதித்தது. கட்டையின் நடுப்பகுதி சாதாரணமாகக் கெடாது. சுவருக்குள் நுழைகிற முனைதான் கெடும், ஏனென்றால் சுவரில் இறங்குகிற ஈரம் அங்கேதான் போய் நிற்கும். ஏணி, டார்ச், கூர்மையான ஸ்குரூ டிரைவர் மூன்றும் எடுத்துக்கொண்டு ஓர் ஆசாரியோடு போங்கள். ஒவ்வொரு கட்டையின் இரண்டு முனையிலும் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல தேக்கில் நுனி இறங்காது. இறங்கினால் முனை மக்கியிருக்கிறது. சுத்தியலின் பிடியால் தட்டினால் உள்ளே கரையான் தின்ற கட்டை பொத்தென்று சத்தம் கொடுக்கும். ஒழுகிய கறை இருக்கும் மூலையைக் கடைசியில் பார்க்காமல் முதலில் பாருங்கள். எங்காவது ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்திருந்தால் ஓர் இடத்திலாவது திறக்க வேண்டும்.

நாலைந்து முனை கெட்டிருந்தால் கவலை வேண்டாம். அடியில் இரும்புச் சேனல் கொடுத்துத் தாங்கலாம், அல்லது கட்டையை ஒவ்வொன்றாக மாற்றலாம். இரண்டும் வழக்கமாக நடக்கிற வேலை. கால்வாசிக்கு மேல் முனை கெட்டிருந்தால் தளத்தையே மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

மொட்டைமாடிக்கும் ஏறுங்கள். ஒழுகலில் பெரும்பாலானது நட்ட நடுவில் தொடங்காது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலும், தண்ணீர் விழும் குழாயின் வாயிலும்தான் தொடங்கும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? மேலே வெட்டிவிட்டால் போகாது, வேர் உள்ளே இருக்கும். ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் ஒரு அடுக்கு சிமெண்டோ கூலிங் டைல்ஸோ மேலே ஏற்றியிருப்பார்கள், குழாய் வாயில் குறுக்குவெட்டாக அந்த அடுக்குகள் தெரியும். அத்தனை பாரமும் அந்தக் கட்டைகளின் மேல்தான். சில பொறியாளர்கள் குழாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கிச் சோதிக்கச் சொல்வார்கள். கான்கிரீட் தளத்துக்கு அது சரி, சுண்ணாம்புத் தளத்துக்கு வேண்டாம். ஹோஸ் வைத்து மூலை மூலையாக நனைத்துவிட்டுக் கீழே வந்து பார்த்தால் போதும்.

புதுப் பெயிண்டைப் பற்றிக் கோபப்பட வேண்டாம், விற்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அலமாரிக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குக் கீழே, பெயிண்ட்காரர் சோம்பல்பட்ட இடங்களில் பாருங்கள். அந்தக் காலத்துச் சுவரில் தரை மட்டத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. ஓதம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே காய்ந்துவிடும். மேலே சிமெண்ட் பூசினாலோ இடுப்பளவு டைல்ஸ் ஒட்டினாலோ வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, அங்கே உப்புப் பூத்துப் பூச்சு பெயரும். இடுப்பளவில் பட்டை போட்டதுபோல ஓர் ஈரக்கோடு தெரிந்தால் காரணம் இதுதான். சிமெண்டை உரித்துவிட்டுச் சுண்ணாம்பு பூச வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், கூலியும் நாளும் அதிகம் ஆகும். கூடவே, கொல்லைப் பக்கம் பூச்சு பெயர்ந்த இடத்தில் ஒரு செங்கல் இணைப்பைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்பா, மண்ணா? மண் சாந்தில் கட்டிய சுவர் காய்ந்திருக்கும்வரை நிற்கும். அதன் மேல் இன்னொரு மாடி பற்றி நினைக்கக் கூடாது.

கூடத்துத் தரையில் ஓர் ஓரமாக, நீள்சதுரமாகப் பள்ளம் விழுந்தோ டைல்ஸ் வெடித்தோ இருந்தால் பதற வேண்டாம். தாராசுரம் நெசவாளர் ஊர், பல வீடுகளில் குழித்தறி இருந்து மூடியிருக்கிறார்கள். சரியாகத் திமிசு போடாமல் மண் கொட்டி மூடியிருந்தால் இறங்கும். சின்ன வேலைதான்.

பக்கத்துச் சுவர் சின்ன வேலை இல்லை. ஒட்டிய வீடுகளில் சுவர் உங்களுடையதா, பக்கத்து வீட்டாருடையதா, இருவருக்கும் பொதுவா என்பது பத்திரத்தில் நான்கு எல்லை சொல்லும் இடத்தில் இருக்கும். பொதுச்சுவர் என்றால் அவர்கள் வீட்டுக் கட்டைகளும் அதே சுவரில்தான் ஊன்றியிருக்கும். சட்டம் விட்டாலும்கூட, 'இடிச்சுட்டுக் கட்டிக்கோங்க' என்பது அவர்கள் வீட்டுத் தளத்தையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. அந்தச் செலவைப் புரோக்கர் சொல்லமாட்டார்.

1994 பகுதியில் பாத்ரூமுக்கு நேர் கீழே நின்று தளத்தைப் பாருங்கள். கம்பிக்கு நேராக நீளவாட்டில் விரிசல், துருக்கறை, உப்பிய பூச்சு இருந்தால் கான்கிரீட்டுக்குள் கம்பி அரித்துக்கொண்டிருக்கிறது. பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரே கோடாக விரிசல் இருப்பது சாதாரணம், இரண்டும் தனித்தனியாக இறங்குகின்றன. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, மேலே போகப் போக அகலமாகிற விரிசல்தான் அஸ்திவாரத்தைக் காட்டும். வயரிங், குழாய் இரண்டையும் முழுவதும் மாற்ற வேண்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எர்த் கம்பி இருக்கிறதா என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வீடுகளில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வாசற்படி உண்டு, கழிப்பறை கொல்லைக் கோடியில் இருக்கும், இல்லாவிட்டால் உங்களுடையதுபோல மாடியில். 110 அடி நீள வீட்டில் ராத்திரி எழுந்து அவர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று வாசலிலிருந்து ஒருமுறை அவரையே நடக்கச் சொல்லிப் பாருங்கள். கூடத்துக்குப் பக்கத்தில் தரைமட்டத்தில் ஒரு கழிப்பறை போட இடம் இருக்கிறதா என்பதைப் பொறியாளரிடம் கேட்டு, அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். அதன் தண்ணீர் பழைய சுவரின் அடியில் போகக் கூடாது.

இப்போது உங்கள் 20 லட்சம். பதிவுச் செலவு, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 58 லட்சத்துக்கு 5.22 லட்சம். இதற்கு வங்கி கடன் தராது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 58-க்கு 80 சதவீதம் 46.4 லட்சம், உங்கள் கைப்பணம் 11.6 லட்சம். பதிவோடு சேர்த்து 16.82 லட்சம். மூன்று லட்சத்துச் சொச்சம்தான் மிஞ்சுகிறது, அதுவும் வங்கி 58 என்று ஒத்துக்கொண்டால். ஒத்துக்கொள்ளாது. என்னைப் போன்ற மதிப்பீட்டாளர்கள் இந்த வயதுக் கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்துச் சொற்பமாகத்தான் போடுவோம், மதிப்பு மனையை ஒட்டித்தான் நிற்கும். 46 லட்சம் என்று மதிப்பிட்டால் கடன் 36.8 லட்சம். கையிலிருந்து 21.2 லட்சமும் பதிவுக்கு 5.22 லட்சமும், ஆக 26.42 லட்சம் வேண்டும். ஆறரை லட்சம் துண்டு விழும், பழுது பார்க்க ஒரு ரூபாய் இருக்காது. டோக்கன் கொடுத்த பிறகு இது தெரிந்தால் 2 லட்சம் போனது போனதுதான்.

என் தீர்ப்பு இது. 58-க்கு வாங்காதீர்கள். மூவரும் கையெழுத்துப் போடுவதாக உறுதி, அடிமனை சுத்தம், முற்றத்துத் தண்ணீர் வெளியே போகிறது, கட்டை முனைகள் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, வீடு 100 மீட்டருக்கு வெளியே. இத்தனையும் சரியாக இருந்தால் 46 வரை போகலாம். அந்த விலையில் பதிவும் கைப்பணமும் 13.34 லட்சத்தில் முடியும், பழுதுக்கு ஆறரை லட்சம் போல மிஞ்சும். 100 மீட்டருக்குள் என்றால் காலி மனைக் கணக்கே அங்கே பொருந்தாது, ஏனென்றால் 2,000 ரூபாய் என்பது கட்ட முடிகிற மனையின் விலை. அப்போது 40-ஐத் தாண்ட மாட்டேன், 1994 பகுதிக்கு அனுமதி இல்லையென்றால் அதற்கும் கீழே. நீங்கள் முற்றத்துக்காக, குடியிருக்கவே வாங்குகிறீர்கள் என்றால் இந்த இரண்டாவது நிலையும் மோசமில்லை. பின்னால் விற்கும்போது வாங்குகிறவரும் இதே கணக்கைப் போடுவார், அதற்குத் தயாராக இருங்கள்.

எதைச் செய்தாலும் வரிசை முக்கியம். முதலில் தூரமும் பத்திரமும், இதற்குச் செலவு சில ஆயிரம்தான். அது தேறினால் டிரம்மும் ஆசாரியும். அதுவும் தேறினால்தான் வங்கி மதிப்பீடு. அதற்குப் பிறகு டோக்கன் என்று வாய்வார்த்தையாகக் கொடுக்காமல், மூவர் பெயரிலும் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்து, கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்ற வரியையும் சேர்த்துக்கொண்டு கொடுங்கள். திருச்சி அம்மாவிடம் நீங்களே ஒரு போன் செய்து, 'இந்த வீட்டை நாங்க வாங்கறதா இருக்கோம், உங்களுக்குச் சம்மதமா' என்று கேட்டுவிடுங்கள். புரோக்கரிடம் நம்பர் கேட்டால் கிடைக்காது, எதிர் வீட்டில் கேளுங்கள்.